அந்த நான்கு மாதம்: தமிழ்நாட்டுக்கு மேல்சபை மறுபடி வேண்டுமா?

வாசகர் கேள்வி, 12 ஜூன் 2025

மாநிலங்களவைக்கு நம் ஊரிலிருந்து ஆறு பேர் இன்று போட்டியே இல்லாமல் தேர்வாகிவிட்டார்கள். மேல்சபை என்றாலே கட்சிக்காரர்களுக்குப் பதவி தேடித் தரும் இடம்தான். 1986ல் தமிழ்நாட்டு மேல்சபையை எம்.ஜி.ஆர். கலைத்தது சரியான வேலை. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழித்ததைத் தவிர அந்தச் சபை உருப்படியாக என்ன செய்தது? மறுபடி வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்.

12 ஜூன், இரவு

முத்துலட்சுமி ரெட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் உட்கார்ந்தது மேல்சபை இல்லை. 1926ல் அவர் நியமிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே சபை. அதற்கு ஆங்கிலத்தில் கவுன்சில் என்று பெயர், அதனால் வந்த குழப்பம் இது. 1935 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு, 1937ல்தான் இங்கே இரண்டு சபைகள் வந்தன. தேவதாசி முறைக்கு எதிரான 1929 சட்டம் ஒரு சபை மட்டும் இருந்த காலத்தில் வந்தது.

ஒரே ஒரு காரணம் கேட்டீர்கள். சொல்கிறேன். நான் அந்தச் சபைக்கு ஓட்டுப் போட்டவன்.

13 ஜூன், காலை

நேற்று அரைகுறையாக நிறுத்திவிட்டேன். நான் 1974லிருந்து 2008 வரை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், காவிரிப் பாசனப் பகுதியில். 1980களின் தொடக்கத்தில் ஆசிரியர் தொகுதிக்கு ஓட்டுப் போட்டேன். பொதுத்தேர்தலுக்குப் போவதைப் போலத்தான் போனோம், ஆனால் உள்ளே எல்லாமே வேறு. முத்திரை கிடையாது, சின்னம் கிடையாது. வேட்பாளர் பெயருக்கு எதிரே நாமே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். யார் முதல், அவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று வரிசை சொல்லும் முறை. அவர்கள் கொடுக்கும் பேனாவால்தான் எழுத வேண்டும்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பழக்கதோஷத்தில் பெயருக்கு எதிரே பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டு வந்தார். வெளியே வந்து சொன்னதும் தலைமையாசிரியர் முகம் வாடிப்போய்விட்டது. வருஷம் முழுக்க விடைத்தாளில் டிக் போட்ட கை, அதைக் குறை சொல்ல முடியாது. ஓட்டு செல்லாமல் போனது போனதுதான்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர் பள்ளிக்கு வருவார். ஆசிரியர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடியே மனு வாங்குவார். உதவி பெறும் பள்ளிகளில் அப்போது சம்பளம் தேதி தவறித்தான் வரும். அதை அவர் சபையில் கேள்வியாக எழுப்பினார். கேள்வியும் அமைச்சர் பதிலும் தட்டச்சு செய்த தாளாக எங்களுக்கு வந்தது. அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தி வைத்தோம். கார்பன் காப்பி, எழுத்துகள் ஊதா நிறத்தில் மங்கலாக இருக்கும். பலர் அதை நின்று நிதானமாகப் படித்தார்கள். நம் பள்ளியின் கஷ்டம் கோட்டையில் உட்கார்ந்த ஒரு சபையின் ஏட்டில் ஏறியது என்பது அன்று எங்களுக்குப் பெரிய விஷயம்.

13 ஜூன், மாலை

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வி: "எனக்கு ஏன் ஓட்டு இல்லை என்று எழுதினீர்களா?"

எழுதவில்லை, அது தப்பு. அவளும் ஆசிரியைதான், தொடக்கப் பள்ளியில். அரசியல் சாசனத்தின் 171வது பிரிவு உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையத்தில் மூன்று ஆண்டு பணி செய்தவருக்குத்தான் ஆசிரியர் தொகுதியில் ஓட்டு தருகிறது. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆளாகப் பாடம் நடத்திய அவளுக்கு இல்லை, ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்த எனக்கு உண்டு. ஒரே வீட்டில் இருவரும் ஆசிரியர்கள், ஓட்டு ஒருவருக்கு. நான் பெருமையாகச் சொல்லும் சபைக்குள் இந்த ஏற்றத்தாழ்வும் இருந்தது.

14 ஜூன்

வேறொருவர், "பட்டதாரி தொகுதியில் பட்டதாரி நிற்பதாவது நல்லதுதானே, படித்தவர் சபை" என்று எழுதியிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓட்டுப் போடத்தான் பட்டம் வேண்டும், நிற்பதற்கு வேண்டியதில்லை. சென்னைப் பட்டதாரி தொகுதி பற்றிய வழக்கில்தான் இது முடிவானது. பட்டதாரி இல்லாதவர் நின்றது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை, 1972ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. சாசனத்தில் வாக்காளருக்கு மட்டும்தான் அந்தத் தகுதி எழுதியிருக்கிறது, வேட்பாளருக்கு இல்லை என்பது காரணம்.

எனக்கு அது சரியாகவே படுகிறது. பட்டதாரிகள் தங்களுக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் நம்பலாம்.

16 ஜூன்

இப்போது அந்த ஒரு காரணத்துக்கு வருகிறேன். ஊர்க் கதை போதும்.

மாநில மேல்சபையால் எந்த மசோதாவையும் கொல்ல முடியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 197வது பிரிவு என்ன சொல்கிறது? சட்டசபை அனுப்பிய மசோதாவை மேல்சபை மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம், திருத்தலாம், நிராகரிக்கலாம். சட்டசபை அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதோடு சரி. மேல்சபை என்ன சொன்னாலும் மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதா என்றால் 14 நாள்தான். மாநிலங்களவைக்கு இருக்கும், இரு சபையும் சேர்ந்து உட்காரும் கூட்டுக் கூட்டம்கூட இங்கே இல்லை. கடைசி வார்த்தை எப்போதும் சட்டசபையுடையது.

ஆக மேல்சபையின் முழு அதிகாரம் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்துக்காகத்தான் நான் வாதாடுகிறேன்.

2023 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைகள் திருத்த மசோதா, ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த மசோதா. ஏப்ரல் 12 அறிமுகம், ஏப்ரல் 21 நிறைவேற்றம். இடையில் ஒன்பது நாள். காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. அப்புறம்தான் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைப்பு, மே தினத்தன்று முதலமைச்சரே திரும்பப் பெறுவதாக அறிவிப்பு.

முடிவு நல்லபடியாகத்தான் ஆனது. வரிசைதான் தலைகீழ். மசோதாவை நிறைவேற்றிவிட்டுத் தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்டோம். எட்டு மணி நேர வேலை என்பது எவ்வளவு பாடுபட்டு வாங்கியது! இந்தியாவின் முதல் மே தினத்தை 1923ல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். சரியாக நூறு வருஷம் கழித்து அதே ஊரில், ஒன்பதே நாளில் அந்த எட்டு மணி நேரத்தில் கை வைத்த மசோதா நிறைவேறுகிறது. அதை இரண்டாவது முறை வாசிக்க ஒரு இடம் இல்லாமல் போனதே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

17 ஜூன்

"மேல்சபை இருந்திருந்தாலும் ஆளுங்கட்சி ஆட்களே கையைத் தூக்கியிருப்பார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. இருக்கலாம், கையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே தூக்கியிருக்க முடியாது என்பது என் பதில். மசோதா ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் செய்தித்தாள் படிப்பவருக்கு விஷயம் தெரியும், சங்கம் கூடும், யாராவது ஒரு உறுப்பினர் பிரிவு பிரிவாகப் படித்துப் பார்ப்பார்.

19 ஜூன்

அப்படியானால் ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்ததும் நல்லதுதானே, அதுவும் தாமதம்தானே என்று ஒருவர் மடக்குகிறார். நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. மேல்சபையின் தாமதத்துக்குக் கெடு உண்டு, நாலாவது மாதம் கதவு தானாகத் திறந்துவிடும். அங்கே தாமதம் என்பது விவாதம். யார் என்ன சொன்னார் என்பது குறிப்பில் ஏறும், திருத்தம் எழுத்தில் வரும். ஆளுநர் மாளிகையில் மசோதா கிடந்தபோது அப்படி எதுவும் இல்லை. 2020லிருந்து அனுப்பிய மசோதாக்கள் வருஷக்கணக்கில் கிடந்தன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சொல்லும்படி ஆனது. அதன் பேரில் குடியரசுத் தலைவர் 2025 மே மாதம் நீதிமன்றத்திடம் கேள்விகள் கேட்டு அனுப்பினார்.

கெடு வைத்த தாமதம் வேறு, கெடு இல்லாத தாமதம் வேறு. வயலில் மடையை அடைத்துத் தண்ணீர் கட்டுகிறவன் எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்துதான் அடைப்பான். அடைத்தவன் வீட்டுக்குப் போய்விட்டால் நாற்று அழுகும்.

22 ஜூன்

மக்களிடம் ஓட்டுக் கேட்காதவர்கள் பதவிக்கு வரும் கொல்லைப்புற வழி மேல்சபை என்ற குற்றச்சாட்டு. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் மறைக்கப் போவதில்லை.

1952. சென்னை சட்டசபையில் 375 இடம், காங்கிரசுக்கு 152தான். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சர் ஆனார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்காக வைத்த இடம் அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. சட்டப்படி செல்லும் என்பதற்காக அது சரி ஆகிவிடாது. மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் மாகாணத்தை ஆள ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவு மேல்சபை.

அடுத்து வந்த காமராஜரைப் பாருங்கள். 1954ல் முதலமைச்சரானபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபைக்கு வர வேண்டும். மேல்சபை வழி திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். அதே விதி, அதே சபை, ஆள்தான் வேறு.

அண்ணாவும் 1967ல் மேல்சபை வழியாகத்தான் வந்தார். ஆனால் அவர் அந்தத் தேர்தலில் தென்சென்னையில் மக்களிடம் ஓட்டுக் கேட்டு நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தவர். ராஜாஜியோடு அவரைச் சேர்த்து ஒரே வரியில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இலங்கையிலும் இதே கதை உண்டு. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானபோது அவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை, பிரதமரான பிறகு செனட் சபைக்குள் நியமனமாக வந்தவர். 1965ல் தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் அமைச்சரானதும் செனட் வழியாகத்தான். முப்பது பேர் சபை அது, பாதிப்பேர் நியமனம். 1971ல் கலைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே புதிய அரசியலமைப்பு ஒரே சபையோடு வந்தது. சிறுபான்மையினருக்கு முந்தைய சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29வது பிரிவுப் பாதுகாப்பு அதில் இல்லை. செனட் இருந்திருந்தால் தடுத்திருக்குமா? சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 சட்டத்தை அது தடுக்கவில்லையே. அதனால் அந்தச் சபைக்காக நான் வாதாட மாட்டேன்.

23 ஜூன்

திருத்தம். முதல் நாள் தேவதாசி ஒழிப்பு பற்றி எழுதியதைப் பாதியில் விட்டுவிட்டேன். 1929 சட்டம் கோயில் மானியத்தோடு கட்டியிருந்த கடமையிலிருந்து அந்தப் பெண்களை விடுவித்தது, அவ்வளவே. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கிய முழுத் தடை 1947ல் வந்தது. அப்போது இரண்டு சபைகள் இருந்தன. அதனால் கேள்வி கேட்ட தம்பி சொன்னது பாதி சரி. அந்தச் சீர்திருத்தத்தை மேல்சபை முன்னின்று செய்யவில்லை, ஆனால் முடிவுச் சட்டம் அதன் வழியாகத்தான் போனது.

27 ஜூன்

1986. அந்த வருஷத்தை நேரில் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு நடிகையை மேல்சபைக்கு நியமிக்க முடிவானது. அவர் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் என்பதால் உறுப்பினராக முடியாது என்று வழக்கு வந்தது. அவர் விலகிக்கொண்டார். அடுத்த சில வாரத்திலேயே, மே மாதம், சபையையே கலைக்கும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நவம்பர் 1 முதல் மேல்சபை இல்லை. அப்போது 63 உறுப்பினர்கள். கடைசித் தலைவர் ம.பொ.சிவஞானம். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கருணாநிதி, ஈழத்தமிழர் பிரச்சினையில் 1983ல் சட்டசபைப் பதவியை விட்டு விலகி, அப்புறம் மேல்சபைக்கு வந்திருந்தார்.

எல்லோரும் அந்த நியமனத்தைத்தான் காரணம் என்று சொல்வார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டது வேறு. அந்த வருஷம் பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளில் திமுக பெருவாரியாக ஜெயித்தது. மேல்சபையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சி மன்றத்தினர்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படியானால் அடுத்து அங்கே யார் கை ஓங்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை யாரும்.

நவம்பரில் பள்ளிக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் அந்த ஊதாத் தாள் இன்னும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அதன் மேல் தேர்வு அட்டவணை ஒட்டிவிட்டார்கள்.

27 ஜூன், இரவு

இதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் ஒழுங்காக வர ஆரம்பித்தது அந்தக் கேள்வியால் இல்லை. அமைச்சர் பதில் "பரிசீலனையில் உள்ளது" என்பதுதான். சங்கம் தெருவில் இறங்கியதால்தான் வந்தது. ஆனால் சங்கம் எழுதிய நோட்டீசில் அந்தக் கேள்வி எண்ணும் பதிலும் அச்சாகியிருந்தன. அரசு தானே ஒப்புக்கொண்ட தாள் கையில் இருந்தது எங்களுக்குப் பலமாக இருந்தது. இரண்டில் எது பெரியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

3 ஜூலை

உள்ளாட்சி பற்றி எழுதியதை இந்த ஒரு வாரமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். என் வாதத்திலேயே ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

1970ஐ ஒட்டி நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1986. அதற்கடுத்தது 1996. 2016ல் அறிவித்த தேர்தல் ரத்தாகி, ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில், ஒன்பது மாவட்டங்களுக்கு 2021ல், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில் என்று துண்டு துண்டாக நடந்தது. 2019ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. இன்று எங்கள் ஊராட்சியில் தனி அலுவலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்ச் சொல்லக்கூட ஒரு உறுப்பினர் இல்லை.

இந்த நிலையில் மேல்சபை வந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கை யார் தேர்ந்தெடுப்பார்கள்? 2010 சட்டப்படி 78 இடம். அதில் 26 உள்ளாட்சிக்கு, 26 சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது, பட்டதாரிக்கு 7, ஆசிரியருக்கு 7, நியமனம் 12. உள்ளாட்சியின் 26 காலியாகக் கிடந்தால் மிச்சத்தில் சரிபாதி சட்டசபையின் நிழல்தான். நியமனமும் ஆளுங்கட்சி சொல்வதுதான். அப்போது நீங்கள் சொன்னதே நடக்கும், கையைத் தூக்கும் சபை.

ஊராட்சி உறுப்பினரும் நகர்மன்ற உறுப்பினரும் இருந்தால்தான் அது வேறு சபை. கிராமத்துக் குடிநீர் தெரிந்தவர் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஆள் கோட்டையில் உட்கார்வது என்பது சாசனம் எழுதியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. நாம் அடித்தளத்தை விட்டுவிட்டு மாடியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

8 ஜூலை

ஆந்திராவை உதாரணம் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சுருக்கமாக: 1985ல் என்.டி.ஆர். கலைத்தார், 2007ல் மறுபடி வந்தது. 2020 ஜனவரியில் மாநிலத்துக்கு மூன்று தலைநகர் வைக்கும் மசோதாக்களை மேல்சபைத் தலைவர், உறுப்பினர்கள் சிலர் கூடி ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் மேல்சபையைக் கலைக்கச் சட்டசபை தீர்மானம் போட்டது. 2021 நவம்பரில், அதற்குள் மேல்சபையில் தங்கள் பலம் கூடியதும், தீர்மானத்தை அதே ஆளுங்கட்சி திரும்பப் பெற்றது. மூன்று தலைநகர் சட்டத்தையும் அதே நவம்பரில் அரசே விலக்கிக்கொண்டது. தெரிவுக் குழுவுக்கு அனுப்பியவர் கேட்டது பொறுமையாகப் பாருங்கள் என்பதைத்தான்.

169வது பிரிவுதான் இதற்கு இடம் கொடுக்கிறது. சட்டசபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு தீர்மானம் போட்டால், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மேல்சபையை ஆக்கலாம், அழிக்கலாம். கண்காணிக்கப்படுகிறவன் கையில் காவல்காரனை வேலையை விட்டு நீக்கும் அதிகாரம். நம் ஊரிலும் அதுதான் நடந்தது. 1989ல் வேண்டும் என்று தீர்மானம், 1991ல் வேண்டாம். 1996ல் வேண்டும், 2001ல் வேண்டாம். 2010ல் வேண்டும், சட்டமே வந்துவிட்டது, 2011ல் வேண்டாம்.

15 ஜூலை

மாநிலங்களவையைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. நான் ஒன்று சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 24. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாதவர் கொண்டுவரும் மசோதா, மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. மக்களவையில் அது சட்டமாகவில்லை. பின்னால் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019ல் சட்டமாக்கியது, அதில் குறைகள் இருப்பதாகத் திருநங்கையரே போராடினார்கள். ஆனாலும் ஓட்டுக் கணக்கில் எந்தத் தொகுதியையும் புரட்டிப்போடாத ஒரு சிறு கூட்டத்துக்காக ஒரு சபை முழுக்க ஒரே குரலில் ஆம் என்று சொன்ன நாள் அது. தொகுதிக்குப் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய நெருக்கடி இல்லாதவர்களின் சபையில்தான் அது முதலில் நடந்தது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே சபையில் 2020 செப்டம்பர் 20ம் நடந்தது. வேளாண் மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொடுத்தன. எண்ணி வாக்கெடுங்கள் என்று கேட்டார்கள். எண்ணவில்லை, குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். அந்தச் சட்டங்கள் பின்னால் என்ன ஆயின என்று விவசாயிகள் போராடிய டெல்லி சிங்கு எல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, 2021 நவம்பரில் பிரதமரே திரும்பப் பெற்றார். சபை தன் வேலையைச் செய்யாத அந்த ஒரு பிற்பகலுக்காக விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் ரோட்டில் கிடந்தார்கள். 2016ல் ஆதாரைப் பண மசோதா என்று பெயரிட்டு அனுப்பியதும் இதே வகைதான். மாநிலங்களவை கொடுத்த திருத்தங்களை மக்களவை அன்றே தள்ளிவிட முடிந்தது.

24 ஜூலை

கேரளத்தில் இருக்கும் என் தங்கை மகன் போனில் சொன்னதைக் கேட்டபின் என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். முழுதாக இல்லை, பாதி.

கேரளத்தில் மேல்சபையே கிடையாது. ஆனால் 1980லிருந்து சட்டசபையிலேயே துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. மசோதா அறிமுகமானதும் அந்தத் துறைக் குழுவுக்குப் போகும். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் அதில் உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள், திருத்தத்தோடு சபைக்குத் திரும்பும். நான் கேட்கும் இரண்டாவது வாசிப்பு அங்கே ஒரே சபைக்குள் நடக்கிறது. குழுவையும் அவசரமாக ஓட்டிவிடுவார்கள் என்று அவனே குறைப்பட்டுக்கொள்கிறான். ஆனாலும் மசோதா போய்த் தங்க ஒரு இடம் இருக்கிறது. நம் சட்டசபை விதிகளிலும் தெரிவுக் குழு உண்டு. அனுப்புவதுதான் அபூர்வம்.

அதனால் என் வரிசை இப்போது இப்படி: முதலில் உள்ளாட்சித் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல். அப்புறம் எந்த மசோதாவும் குழுவுக்குப் போகாமல் வாக்கெடுப்புக்கு வரக்கூடாது என்று சட்டசபை விதியில் ஒரு திருத்தம். இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, நாளைக்கே செய்யலாம். அதற்குப் பிறகு மேல்சபை. வரும்போது தோற்ற வேட்பாளருக்கு நியமன இடம் இல்லை என்ற நிபந்தனையோடும், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஓட்டோடும் வர வேண்டும்.

25 ஜூலை

"தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஓட்டு" என்று நேற்று சுலபமாக எழுதிவிட்டேன். அதற்கு 171வது பிரிவு மாற வேண்டும், அது நம் சட்டசபை கையில் இல்லை. பிரிவு பிரிவாகப் படிக்க வேண்டும் என்று சொல்கிறவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

2 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பியே மறுபடி வந்திருக்கிறார். "சரி சார், நாளைக்கே மேல்சபை வந்தால் நீங்கள் பெயர் பதிவீர்களா?"

2010லேயே பதிந்தேன். சட்டம் வந்ததும் வாக்காளர் பட்டியல் தயாரிக்க ஆரம்பித்தார்கள். தாலுகா அலுவலகத்துக்கு நானும் மனைவியும் சேர்ந்துதான் போனோம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முந்தைய ஆறு வருஷத்தில் மூன்று வருஷம் பணி செய்திருந்தால் போதும் என்பதால் ஆசிரியர் தொகுதிக்கும் விண்ணப்பம் கொடுத்தேன், பட்டதாரி தொகுதிக்கும் கொடுத்தேன். அவள் பணியில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள், தமிழ் இலக்கியம். பட்டச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, அவளும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது "இந்தத் தடவை எனக்கும் 1, 2, 3 எழுதக் கற்றுக்கொடுங்கள்" என்றாள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தேர்தல் நடக்கவில்லை, 2011 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூனில் வேண்டாம் தீர்மானம்.

இப்போது எனக்கு ஆசிரியர் தொகுதி கிடையாது, பட்டதாரி தொகுதி மட்டும். அவளுக்கும் அதுவே. அந்த ஜெராக்ஸ் பிரதி இன்னொன்று பீரோவில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன், மை மங்கியிருக்கிறது. புதிதாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.